மூன்று விசில்

இன்று காலை பதினோரு மணிக்கு நம் வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது. உள்ளே பலாக்கொட்டை. மகள் நேற்று பண்ருட்டியில் வேலை முடிந்து வரும்போது ஒரு பை நிறைய வாங்கி வந்திருந்தாள். கருவாட்டோடு சேர்த்துக் குழம்பு வைக்கலாம் என்று எடுத்தேன். மூடியின் மேல் வெயிட்டை வைத்துவிட்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றேன். உங்களிடம் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். மற்றதெல்லாம் இதற்கு முன்கதை.

குவார்ட்டர்ஸில் இருந்தவரை நம் வீட்டில் எல்லாமே உங்கள் ஷிப்ட்டைப் பார்த்துத்தான் நடந்தது. நைட் ஷிப்ட் வாரம் வந்தால் காலிங் பெல் வயரைக் கழற்றிவிடுவேன். குக்கரைத் தொடமாட்டேன், வடித்த சோறுதான். மிக்ஸி வேலையை நீங்கள் வருவதற்குள் முடித்துவிடுவேன். மைன்ஸ் வேலைக்காரர்கள் வீடு எல்லாவற்றிலும் அதுதான் சட்டம். பகலில் தூங்குகிற மனிதரை எழுப்பாமல் பார்த்துக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான். ஏழு மணிக்கு வந்து, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தீர்கள். பதினொன்றரைக்குப் பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிட்டார். "மெதுவா பேசுங்க, அவுரு தூங்கிகினு இருக்காரு" என்று அடக்கினேன். இரண்டு மணிக்குச் சாப்பிட எழுப்பப் போனால் உடம்பு சில்லிட்டிருந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பு, உயிர் போய் வெகு நேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர். இல்லாத தூக்கத்துக்கு நான் காவல் நின்றிருக்கிறேன். எழுப்பியிருந்தால் பிழைத்திருப்பீர்கள் என்ற நினைப்பு அன்றைக்குப் பிடித்தது, விடவே இல்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்தோம். வந்த முதல் நாளே இங்கும் பெல் வயரைக் கழற்றினேன். குக்கர் வெயிட்டைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். நாளானால் சரியாகிவிடும் என்று கோயிலில் எல்லோரும் சொன்னார்கள். உங்கள் இரண்டாம் ஆண்டு நினைவுப் பூசையும் முடிந்தது, ஒன்றும் சரியாகவில்லை. ஒருநாள் டிவி சத்தத்தை நான் குறைத்தபோது மகள் கேட்டாள்.

"இங்க யாரும்மா தூங்கறாங்க?"

ரிமோட்டை அவளிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரமே என்னைக் கடலூருக்கு, மனநல ஆலோசனை சொல்கிற ஒரு கவுன்சிலரிடம் அழைத்துப் போனாள்.

என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாளே என்று பஸ் குள்ளஞ்சாவடி தாண்டும்வரை அவளோடு பேசவில்லை. அங்கே போனால், அந்தக் கவுன்சிலருக்கு நம் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மறந்துவிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த நாளை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். நான் சொன்னதைப் போனில் பதிவு செய்து கொடுத்தாள்.

"தெனம் ஒரு தடவை கேளுங்கம்மா. கேட்டு முடிச்சதும் உங்களுக்குப் புடிச்சது ஏதாவது ஒண்ணு செய்யணும்."

முதல் வாரம் கேட்டுக் கேட்டு அழுதேன். அவள் மேல் கோபம் வந்தது, சொல்லாமல் போன உங்கள் மேலும் வந்தது. பிடித்ததைச் செய்ய வேண்டுமே என்று தினமும் முறுக்கு வாங்கித் தின்றேன். சிரிக்காதீர்கள்.

வாரா வாரம் போய் மறுபடியும் மறுபடியும் சொன்னேன். ஐந்தாவது முறை சொல்லும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. எட்டரை மணிக்குத் துவைக்கத் துணி எடுக்க நான் உள்ளே வந்திருக்கிறேன். நீங்கள் புரண்டு படுத்து, "பேன ஒரு நம்பர் கூட்டி வையி" என்றீர்கள். கூட்டி வைத்தேன். நான் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றே இத்தனை நாளும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் கவுன்சிலர் எனக்கு எதிரில் ஒரு காலி நாற்காலியைப் போட்டாள். அவரிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்றாள்.

"ஏங்க, நான் உங்கள எழுப்பியிருக்கணுமா?"

"இப்ப அவரா இருந்து நீங்களே பதில் சொல்லுங்கம்மா."

வாயைத் திறந்தேன். உங்கள் பேச்சுதான் வந்தது. "எழுப்பியிருந்தா சும்மா வுட்டிருப்பனா? நைட் ஷிப்ட் முடிச்சிகினு வந்தவன தூங்க வுடமாட்டியான்னு கத்தியிருப்பேன். போயி ஒரு வாய் சோறு துன்னு, போ."

அழுதுகொண்டே சிரித்தேன். அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. நீங்கள் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்று சாயங்காலமே பெல் வயரை மாட்டச் சொன்னேன். குக்கருக்கு மட்டும் மேலும் ஒரு மாதம் ஆனது.

இன்று முதலாவது விசிலுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டாவதுக்குப் படுக்கையறைப் பக்கம் பார்த்தேன். மூன்றாவது முடிந்ததும் அடுப்பை அணைத்தேன். யாரும் எழுந்து வரவில்லை. நீங்கள் தூங்கவில்லை, செத்துப்போய்விட்டீர்கள். இந்த வார்த்தையை இன்றுதான் என் கையால் எழுதுகிறேன். பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. குழம்பு நன்றாக வந்திருந்தது, இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஒன்றை மட்டும் நான் விடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் விடிந்தும் தூங்கிக்கொண்டிருப்பாள். துணி எடுக்க அந்த அறைக்குள் போனால், பேனை ஒரு நம்பர் கூட்டிவிட்டுத்தான் வருகிறேன். "குளுருதும்மா" என்று போர்வைக்குள்ளிருந்து கத்துகிறாள். கத்தட்டும்.