ஜி பதினொன்று, ஜி பன்னிரண்டு

மத்திகிரி,
செப்டம்பர் 14, ஞாயிறு.

அன்பு நண்பன் மணிகண்டனுக்கு,

தாவூத் எழுதுவது. இங்கே நானும் சுக்ராவும் நலம். உன் உடம்பும் குஜராத்துச் சானந்த் வெயிலும் ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டு நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

தபாலில் கடிதம் வந்திருக்கிறதே, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருபத்தாறாம் தேதி நம் ஆளின் படம் வருகிறது. நீ அதற்கு லீவும் போட்டு, ரயிலில் இடமும் பிடித்துவிட்டாய். அன்றைக்கு நீ வந்து என் பக்கத்து சீட்டில் உட்காருவதற்குள் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நாலு தடவை போனில் சொல்லப் பார்த்தேன். ‘சொல்லுடா மாமா’ என்று நீ ஆரம்பித்ததும் என் வாயில் வேறு ஏதோ வருகிறது. போன வாரம் டிரெய்லரில் அவர் வைத்திருப்பது ஒட்டுத்தாடியா சொந்தத் தாடியா என்று முக்கால் மணி நேரம் பேசினேனே, அது இந்த விஷயத்தைச் சொல்லத்தான் போன் போட்டது. இரண்டு மாதமாக உன் போனைப் பாதி நேரம் நான் எடுக்காததும் இதனால்தான். செகண்ட் ஷிஃப்ட், லைனில் இருந்தேன் என்று சொன்னதெல்லாம் பொய்.

கெலமங்கலம் போய் சௌமியாவிடம் உன் ஹாஸ்டல் விலாசம் கேட்டேன். போன் இருக்கும்போது விலாசம் எதுக்குண்ணா என்று கேட்டது. அங்கே டவர் சரியில்லை என்றேன். தினமும் வீடியோ காலில் புருஷன் மூஞ்சியைப் பார்க்கிற பெண்ணிடம் போய் டவர் இல்லை என்றால் நம்புமா? சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தது. வீட்டில் எல்லோரும் நலம். தர்ஷினி இருபத்தைந்தாம் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். படம் இருபத்தாறு என்றேன், அப்பா இருபத்தஞ்சு என்றாள்.

நேராக விஷயத்துக்கு வாடா என்று நீ கத்துவது காதில் விழுகிறது. வருகிறேன். கொஞ்சம் பொறு.

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை மணி. நீ போன பிறகு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வந்தால் பயமாக இருக்கிறது. முதலில் ஜிம்மில் சேர்ந்தேன். அந்த டிரெய்னர் பையன் என்னை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டான், மூன்றாம் நாளே நின்றுவிட்டேன். பிறகு தூண்டில் வாங்கிக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்குப் போனேன். அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாம் சிலை மாதிரி இருக்கிறார்கள். எனக்குப் பத்து நிமிடத்தில் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். மீன் ஓடுகிறது, நீயும் ஓடு என்று அர்த்தம் போலிருக்கிறது. சரி, மீனைப் பிடிக்கத்தானே முடியவில்லை, வளர்ப்போம் என்று கண்ணாடித் தொட்டி வாங்கி ஆறு மீன் விட்டேன். அதில் ஒன்று ஃபைட்டர் என்று கடைக்காரன் சொல்லவில்லை. இப்போது தொட்டியில் அது மட்டும்தான் இருக்கிறது. நல்ல கொழுகொழு என்று இருக்கிறது.

மிச்ச நேரத்தில் வண்டியைத் துடைக்கிறேன். நீயும் நானும் ஐடிஐ முடித்த வருடம் வாங்கிய அதே வண்டிதான். ‘இன்னும் தொடச்சா பெயின்ட்டு கையோட வந்துடும், அப்படி என்ன அதுக்கிட்ட ரகசியம் பேசறீங்க’ என்று சுக்ரா கேட்கிறாள். அவளுக்கு ஏதோ தெரிகிறது. ஆனால் கேட்டுத் துளைக்க மாட்டாள், கொஞ்ச நாள் விட்டால் நானே உளறிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். நான் உளறுகிறவன் என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

மார்ச் மாதக் காலைக்காட்சிக்கு வருகிறேன்.

நீ அன்றைக்கு வர மாட்டேன் என்றுதான் சொன்னாய். எனக்கு மறக்கவில்லை. எட்டு வருடம் கான்ட்ராக்டில் ஓட்டிய பிறகு பர்மனென்ட் லிஸ்ட் வரப்போகிற சமயம், இப்போது லீவு போட்டால் கண்ணில் படும், ஓசூரிலேயே ஒன்பது மணிக் காட்சியை இன்னொரு நாள் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். நான்தான் விடவில்லை. பதினேழு வருடமாக முதல் காட்சியை ஒன்றாகப் பார்க்கிறோம், உனக்கு அம்மை போட்டிருந்தபோதுகூட விடவில்லை, இதற்குப் போய் பயப்படுகிறாயே என்று உன்னை நச்சரித்தேன். வயிற்றுப்போக்கு என்று மெசேஜ் போட்டுவிட்டு வா, அதை யாரும் வந்து சோதிக்க மாட்டார்கள் என்று யோசனை சொன்னதும் நான்தான். எனக்கு என்ன, வார லீவு. நான் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

கர்நாடகத்தில் விடிகாலைக் காட்சி உண்டு என்று எல்லை தாண்டிப் போனோமே, அந்த அத்திப்பள்ளி தியேட்டர் வாசலில் நீ அந்த அட்டை முகமூடியைக் கடைசிவரை கழற்றவே இல்லை. ரசிகர் மன்றத்துப் பையன்கள் கொடுத்த நம் ஆளின் முகம், காதில் ரப்பர் மாட்டியது. ரோட்டில் தெரிந்தவன் எவனாவது போவான் என்று உனக்குப் பயம். டிரம் செட் அடிக்க ஆரம்பித்ததும் அந்தப் பயமெல்லாம் போய்விட்டது உனக்கு. என்ன ஆட்டம்டா ஆடினாய்! அந்த நேரம் பார்த்து ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் கம்பெனி பஸ் சந்தாபுரத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. பார்த்தவன் ஒளிய வேண்டுமா இல்லையா? நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்று ஆடினேன். ஓசூர்க்காரனைத் தவிர வேறு எவனாவது பக்கத்து மாநிலத்துக்குப் படம் பார்க்க வந்து, தன் சொந்தக் கம்பெனி பஸ்ஸையே மறித்து நிற்பானா?

முன் சீட்டில் இன்சார்ஜ் ரேணுகப்பா உட்கார்ந்திருந்தார். பின்னால் நம் திம்மப்பன் இருந்தான். அவன் வீடு அத்திப்பள்ளி, தினமும் அந்த பஸ்ஸில்தான் வருவான், அன்றைக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. ஏப்ரலில் லிஸ்ட் ஒட்டினார்கள், உன் பெயர் இல்லை. பொய் லீவு போட்டு ஆடப் போனவன் என்று உன் ஃபைலில் எழுதிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாய். முகமூடிக்குள் இருந்தது நீ என்று அந்த பஸ்ஸில் தெரிந்தவன் ஒருவன்தான், அது திம்மப்பன். அவன்தான் போட்டுக் கொடுத்தான் என்று முடிவு கட்டினாய். நம் மூன்று பேர் குரூப்பிலிருந்து அவனைத் தூக்கினாய். கேன்டீன் வாசலில் அவன் சட்டையைப் பிடித்தாய். பிறகு எனக்குப் போன் போட்டு, அவனாடா இப்படிச் செய்தான், அவன் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருப்போம் என்று அழுதாய். அப்போது நான் ‘ம்’ என்றேன்.

மணி, திம்மப்பன் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

படம் பார்த்த மறுநாள் டீ டைமில் ரேணுகப்பா என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டு இருந்தார். ‘ஏனப்பா தாவூது, பஸ்ஸையே நிறுத்திட்டியே, நீ ஆடினது சுமார்தான், அந்த மாஸ்க்கு போட்டவன் என்னமா ஆடறான், யாருப்பா அவன்’ என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினேழு வருடமாக உன் ஆட்டத்தை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், ஒருத்தரும் மதித்ததில்லை. இப்போது இன்சார்ஜே கேட்கிறார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நம்ம மணிகண்டன்தான் சார், செகண்ட் லைன், நானும் அவனும் ஐடிஐயிலிருந்து ஒண்ணு என்று சொன்னேன். சொல்லிவிட்டு வாயை மூடும்போதுதான் உன் வயிற்றுப்போக்கு ஞாபகம் வந்தது.

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கம்ப்யூட்டரைத் திருப்பி லீவு விவரத்தைப் பார்த்தார். நான் உடனே, அது வேற மணிகண்டன் சார், நம்ம கம்பெனியில நாலு மணிகண்டன் இருக்காங்க என்றேன். மற்ற மூன்று பேரும் நேற்று வேலையில் இருந்தார்களே என்றார். கதவுக்கு வெளியே இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டை வைத்துக்கொண்டு திம்மப்பன் நின்றிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது.

அப்படியும் நீ அவன் சட்டையைப் பிடித்தபோது அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இரண்டடி தள்ளி டீ கிளாஸோடு நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். நான் கிளாஸைப் பார்த்தேன்.

உளறினதுகூட ஒரு பைத்தியக்காரத்தனம் என்று விட்டுவிடலாம். அந்த ‘ம்’ இருக்கிறதே, அதை என்னால் மென்று முழுங்க முடியவில்லை. உன்னிடம் உண்மையைச் சொன்னால் நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்று பயந்து, அவனை விட்டுக்கொடுத்தேன். நீ எப்படியும் மே மாதம் சானந்துக்குப் போய்விட்டாய். ஆகஸ்டில் ரேணுகப்பாவிடம் போய், அவன் வர மாட்டேன் என்றான், இழுத்துப் போனது நான்தான், என் மேலே ஏதாவது எழுதுங்கள் என்று சொன்னேன். லிஸ்ட் போனது போனதுதானப்பா என்றார். இதை உன் கோபத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. நீ கோபப்பட வேண்டும். எட்டு வருடம்டா.

நீ அங்கிருந்து தினமும் எனக்கு மீம்ஸ் அனுப்புகிறாய். உன் ஒருத்தனுக்காகத்தான்டா ஊருக்கு வர்றேன் என்று வாய்ஸ் மெசேஜ் போடுகிறாய். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு வண்டியைத் துடைக்கப் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளியில் திம்மப்பன் வீட்டுக்குப் போனேன். ஆறு மாதத்துக்குப் பிறகு. உள்ளே வா என்றான், காபி கொடுத்தான். நீயாவது மணிக்கு ஒரு போன் போட்டு உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று, என் வெட்கங்கெட்ட வாயால், அவனையே கேட்டேன். ‘நான் எதுக்குடா சொல்லணும்? வாய் உன்னுது, தப்பும் உன்னுது. நீயே சொல்லு’ என்றான். வாசல்வரை வந்து வழியனுப்பினான். ரோட்டில் இறங்கும்போது, படத்துக்கு டிக்கெட் போட்டாச்சா என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போட்டாச்சு. அதே தியேட்டர், காலை ஆறு மணி. புக்கிங் திறந்த மூன்று நிமிடத்தில் ஹவுஸ் ஃபுல், எனக்கு இரண்டுதான் கிடைத்தது. ஜி பதினொன்று, ஜி பன்னிரண்டு. நமக்கு எப்போதும் பிடித்த ஓரத்து சீட், எழுந்து ஆட இடம் இருக்கும். பிரிண்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பதினொன்று உனக்கு. பன்னிரண்டைத் திம்மப்பனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் வாசலில் உனக்காக நிற்பான். அவனிடம் நீ என்ன பேசுவாய் என்று எனக்குத் தெரியாது. முதலில் அவனிடம் பேசு, அதுதான் நான் கேட்பது. என் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் எதிர்த்தாற்போல் தட்டு இட்லிக் கடையில் இருப்பேன். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக நம் ஆள் திரையில் வரும்போது நான் உள்ளே இருக்க மாட்டேன். பரவாயில்லை, அந்தச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். எத்தனையாவது நிமிடத்தில் வருவார் என்று நாம் எப்போதும் பந்தயம் கட்டுவோமே, தோற்றவன் தட்டில் இருக்கும் வடை ஜெயித்தவனுக்கு. இந்தத் தடவை என் கணிப்பு பன்னிரண்டாவது நிமிடம். வெளியே நின்றே கடிகாரம் பார்த்துக்கொள்வேன்.

இடைவேளையில் கேட்டைத் திறப்பார்கள். விருப்பம் இருந்தால் ரோட்டைத் தாண்டி வா. வர மனமில்லை என்றால் வராதே, படம் முடிந்ததும் அப்படியே கெலமங்கலம் பஸ் ஏறு, தர்ஷினி காத்திருப்பாள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வழியில் எதையாவது வாங்கித் தின்று நிஜமாகவே வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. அல்லாஹ் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கடைக்காரரிடம் மூன்று தட்டு சொல்லி வைக்கிறேன். பந்தயத்தில் யார் ஜெயித்தாலும் சரி, என் வடை உனக்குத்தான். வந்து எடுத்துக்கொள், மணி.

உன்,
ஷேக் தாவூத்