ஜன்னலுக்கு வெளியே கேட்காத செய்தி

பழவேற்காடு,
5-12-76.

அன்புள்ள மகன் துளசிராமனுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் தம்பி சேகர் தோளில் கட்டோடு இருக்கிறான். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருக்க கங்கையம்மன் துணை.

உன் கடிதம் கிடைத்தது. பம்பாயில் லாட்ஜ் ரேடியோவில் புயல் செய்தி கேட்டதாகவும், நம் பக்கம் உயிர்ச்சேதம் இல்லை என்று வாசித்ததால் நிம்மதியாகத் தூங்கியதாகவும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எதிர் வீட்டுக் குப்பாயியின் புருஷன் ஆதிநாராயணன் செத்துப்போனான். சேகரோடு ஒரே படகில் போனவன். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் மணலில் கிடந்தான், நாங்கள்தான் தூக்கி வந்து அடக்கம் செய்தோம். சேகர் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்து கரை சேர்ந்தான், வலது தோள் நொறுங்கிவிட்டது. இனி துடுப்புப் பிடிக்க முடியாது என்கிறார் டாக்டர்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ இருந்த காலத்தில் பஞ்சாயத்து ரேடியோவின் ஸ்பீக்கர் குழாய் நம் படகுத்துறைக் கம்பத்தில் கட்டியிருந்தது நினைவிருக்கும். நெல்லுக்கு உரம் வைப்பதைத்தான் பாதி நேரம் பேசும், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கடைசியில் கடலுக்குப் போகிறவர்களுக்கு என்று ஒரு வார்த்தை வரும், அதற்காக வலையைத் தோளில் போட்டபடி நிற்போம். எச்சரிக்கை வந்தால், இன்றைக்கு இன்னார் வலை போடலாம் என்கிற பாடு முறையை அப்படியே மறுநாளுக்குத் தள்ளிவைப்பதும், நாமாகப் போகாமல் விட்டால் முறை பறிபோவதும்தான் குப்பத்து வழக்கம். இந்த வருஷம் பஞ்சாயத்து ஆபீசுக்கு டெலிவிஷன் வந்தது. டிவியே வந்தாச்சு, ரேடியோ எதுக்கு என்று தலைவர் வீரராகவன் குழாயைக் கழற்றித் தன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டினார், அது திரும்பி வரவில்லை. டிவி பார்க்க மேலத்தெருக்காரர்கள் உள்ளே பாயில் உட்காருவார்கள், குப்பத்து ஆட்களுக்கு மீன் நாற்றம் என்று ஜன்னலுக்கு வெளியே இடம். அங்கிருந்து படம் தெரியும், பேச்சு கேட்காது. ஆலை திறப்பதும் மாலை போடுவதும்தான் எப்போதும். நம்மள மாதிரி கறுப்பா ஒருத்தன்கூட இதுல வரமாட்டான் நைனா, வெளிச்சம் பத்தாது என்பான் சேகர்.

புயல் வந்த அன்று சாயங்காலம் நம் வலைக்குப் பாடு முறை. சேகரும் ஆதியும் என் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்கள். செய்தி வாசிக்கிற ஆள் தினமும் போல் சட்டை மடிப்புக் கலையாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தான். ரேடியோ என்றால் குரலிலேயே சேதி தெரிந்துவிடும், அந்த முகத்தில் ஒன்றுமில்லை. அவன் சொன்னது புயல் எச்சரிக்கை என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் கேட்டார்கள், எழுந்துபோய் மாட்டை உள்ளே கட்டினார்கள், நெல்லை மூடினார்கள். வெளியே நின்ற எங்களிடம் ஒருவனும் வாய் திறக்கவில்லை. சேகரும் ஆதியும் படகெடுத்துப் போய்விட்டார்கள்.

குழாயைக் கழற்றியது வெளியே வந்துவிடும் என்று பயந்து, உயிர்ச்சேதம் இல்லை என்று மேலே எழுதி அனுப்பியது தலைவர்தான். அனுப்பியதை ரேடியோ வாசித்தது, நீ கேட்டாய். அதனால் குப்பாயிக்கு நிவாரணம் கிடையாதாம். எழுதத் தெரிந்தவன் என்பதால் அவளுக்கு மனு எழுத உட்கார்ந்தேன். சேதி தெரிந்து தலைவர் என்னைக் கூப்பிட்டார். "ஆதி குடிச்சிட்டு வுழுந்துட்டான்னு உட்டுடு இராமலிங்கம். உன் புள்ளைக்குத் தோளு போச்சு, டிவி பொட்டிய போட்டு அணைக்கிற வேலைய அவனுக்கே குடுத்துடறேன், மாசச் சம்பளம்" என்றார். இப்போது வாய் திறக்கிறவனை எல்லாம் பிடித்துக்கொண்டு போகிற காலம் என்றும் சொன்னார். உன் அம்மா வேலையை வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள். செத்தவனுக்கு எழுதிக் குடுத்துட்டு இருக்கறவன் சோத்துக்கு இன்னாய்யா பண்ணப்போற என்று கேட்டாள். எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். சேகர்தான் சொன்னான்: "எழுது நைனா. நான் உள்ள குந்திக்கினு பொட்டியத் திருவுறப்ப குப்பாயி ஜன்னலாண்ட வந்து நின்னா, நான் எங்க பாக்கறது?"

நாளைக் காலை பஸ்ஸில் குப்பாயியை அழைத்துக்கொண்டு பொன்னேரி தாலுகா ஆபீசுக்குப் போகிறேன். சேகருக்கு ஒரு கையால் செய்கிற வேலை ஏதாவது பம்பாயில் இருந்தால் விசாரித்து உடனே எழுது, மறந்துவிடாதே. அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, என் பேச்சு அவளிடம் எடுபடவில்லை. கம்பெனியில் மெஷின் பக்கத்தில் கவனமாக இரு. அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும். மனுவில் சாட்சி என்ற இடத்தில் முதலில் என் பெயர் இருக்கிறது. அடுத்தது உன் தம்பி இடது கையால் கோணலாகப் போட்ட கையெழுத்து.

இப்படிக்கு,
உன் நைனா,
இராமலிங்கம்.