கோர்ட்டுக்கே ஒரு வாய்தா

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இத்தனை வருஷம் ஊராரிடம் சத்தியம் வாங்கிவிட்டு நானே பொய் சொல்ல மனசு வரவில்லை. அப்பா சௌக்கியம், கொஞ்சம் அதிகமாகவே. நீயும் உன் மனைவியும் நலமாக இருக்க வேண்டும். நீ போன் செய்தபோதெல்லாம் நான் குளித்துக்கொண்டிருப்பதாக அப்பா சொன்னது என் உத்தரவின் பேரில்தான், இவ்வளவு குளியலை நீ எப்படி நம்பினாயோ தெரியவில்லை. என் குரல் போய்விட்டது. தொண்டையில் ஒரு சின்னக் கட்டி, சீக்கிரம் ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும், அப்புறம் ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், சிரித்தாரா அழுதாரா என்பது இன்னும் விசாரணையில் இருக்கிறது.

லீவு இல்லாமல் இல்லை. நீதிபதிக்கு உண்டான மருத்துவ விடுப்பு அத்தனையும் தொடாமல் கிடக்கிறது, எடுத்தால் ஓய்வு பெறும் வரை படுத்தே இருக்கலாம் என்று தலைமை எழுத்தரே சொன்னார். ஆனால் அதற்கு டாக்டர் சான்றிதழ் வைக்க வேண்டுமாமே. என் கோர்ட்டில் சான்றிதழ் நீட்டிய எவரையும் நான் நம்பியதில்லை, இப்போது எந்த முகத்தோடு நான் நீட்டுவேன்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார், எனக்குப் பதில் சொல்லக் குரலில்லாத சமயம் பார்த்து. நானும் வீம்புக்குக் கோர்ட்டுக்குப் போனேன். நான் கிசுகிசுத்ததைப் பெஞ்ச் கிளார்க் உரக்கச் சொன்னார், அதிலும் கைச்சரக்கு சேர்த்து. உட்காருங்கள் என்று நான் சொன்னால், எத்தனை தடவை சொல்றது, உட்காருய்யா என்று அதட்டினார். நான் முன்னைவிடக் கடுமையாகிவிட்டேன் என்று வெளியே பேச்சு.

திங்கட்கிழமை வயிற்றுவலி வக்கீல் எழுந்தார். வழக்குக்குத் தயாராக வராத நாளெல்லாம் வயிற்றுவலி என்று வாய்தா கேட்பார், நானும் மறுத்துவிடுவேன், அப்படி வந்த பெயர். அவர் வாயைத் திறக்கும் முன்பே முடியாது என்று கையசைத்தேன். அவர் உட்காரவில்லை. "என் வயிறு இன்னிக்கு நல்லாத்தான் இருக்கு மேடம். கோர்ட்டுக்குத்தான் உடம்பு சரியில்ல. கோர்ட்டே ஒரு வாய்தா வாங்கிக்கட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்ல" என்றார். அவரோடு எலியும் பூனையுமாக இருக்கும் எதிர்த்தரப்பு வக்கீலும் எழுந்து தனக்கும் ஆட்சேபணை இல்லை என்றார். யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கோப்பைப் படிப்பதுபோலக் குனிந்துகொண்டேன். வாய்தா கொடுத்தேன். அன்றே சான்றிதழோடு லீவும் கேட்டுவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணா. அப்பா எதிரில் காட்டிக்கொள்ளவில்லை, அவரும் என் எதிரில் ஜோக்குதான் அடிக்கிறார்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நூறு வயது வாழ வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீ மறக்காமல் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டு வா. காரணம் கேட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுது. உலகத்தில் எல்லோரும் எழுதுகிற பொய்தான், உன் விஷயத்தில் அது உண்மை.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா