ஒழுகும் அறையைப் பழுது பார்த்துவிட்டோம், அண்ணா

என் அன்பு அண்ணா,

எட்டாம் வகுப்பு அறை இப்போது ஒழுகுவதில்லை. இதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதே. உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான்.

நீ கண் மூடிய பிறகு உன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். ஊரிகம் பள்ளியின் தலைமையாசிரியர் வேலையோடு, நீ செய்துவந்த இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. பள்ளிக்கு நிதி கேட்கும் வேலை. கம்ப்யூட்டர் பாடப் புத்தகம் வருடம் தவறாமல் வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர்தான் வருவதில்லை. பரீட்சையில் பிள்ளைகள் மவுஸ் படம் அழகாக வரைகிறார்கள். ஒருவன் அதற்குக் காதும் வைத்திருந்தான். நான் மதிப்பெண் குறைக்கவில்லை. அவன் எதைப் பார்த்து வரைவான்?

பவித்ராவை உனக்கு நினைவிருக்கும். ஆறாம் வகுப்பில் இருந்தபோது தினமும் உன்னிடம் வந்து, "கம்ப்யூட்டர் எப்ப சார் வரும்?" என்று கேட்டவள். நீயும் சளைக்காமல், "வந்துகினே இருக்குதும்மா" என்று சொல்லுவாய். அவள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இப்போது தினமும் என்னிடம் கேட்கிறாள். அது இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

இந்த முறை கெடு வைத்துவிட்டார்கள், அண்ணா. வரும் ஜூனுக்குள் கம்ப்யூட்டர் அறை அமையாவிட்டால், எட்டாம் வகுப்புக்கு மேல் மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பங்காருபேட்டைப் பள்ளியில் சேர்த்துவிடுவதாக நிர்வாகக் குழு முடிவெடுத்துவிட்டது. பையன்கள் ரயில் ஏறிவிடுவார்கள். பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? பவித்ராவின் அம்மா இப்போதே சொல்லிவிட்டாள். "எட்டாவது வரிக்கும் படிச்சிட்டா சார், போதும். அவ்ளோ தூரம்லாம் அனுப்ப மாட்டோம்."

நான் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டர் இல்லாத பள்ளிகளுக்கு உதவுகிற அறக்கட்டளைகள் எல்லாம் விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் வழியாக மட்டுமே வாங்குகின்றன. ஆகவே ஒவ்வொரு முறையும் பங்காருபேட்டைக்குப் போய், கடையில் வரிசையில் காத்திருந்து, எங்களிடம் கம்ப்யூட்டர் இல்லை என்பதைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு வருகிறேன். "உங்கள் திட்டத்தில் உள்ள புதுமை என்ன?" என்று ஒரு கேள்வி. "கம்ப்யூட்டர்" என்று எழுதினேன். தள்ளுபடி. "நிதி நின்ற பிறகு எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்று இன்னொரு கேள்வி. தங்கச் சுரங்கத்தை மூடிய நாளிலிருந்து எங்கள் ஊர் முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறது என்று எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். சென்னையில் கேட்டால், நீங்கள் கர்நாடகத்துக்காரர்கள். பெங்களூரில் கேட்டால், உங்களுடையது தமிழ்ப் பள்ளி. தொலைபேசியில் ஒருவர் மட்டும் மனம்விட்டுப் பேசினார். "ஊர் பேர்லயே கோல்டு வெச்சிருக்கீங்க, உங்களுக்கு எதுக்கு சார் எங்க பணம்?"

கடைசியில் ஒரு அறக்கட்டளை இரக்கப்பட்டது. நேரில் வந்து பார்த்து முடிவு செய்கிறோம் என்றார்கள். அப்போது உன்னை நினைத்தேன்.

யார் வந்தாலும் நீ நேராக எட்டாம் வகுப்பு அறைக்குத்தான் கூட்டிப்போவாய். கூரை ஒழுகும், கீழே வாளி இருக்கும், வாளியைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். கொத்தனார் கூலியே வேண்டாம், அடைத்துத் தருகிறேன் என்று வந்தபோதும் திருப்பி அனுப்பினாய். "இது ஒழுகுற வரிக்கும்தான்டா தம்பி நம்மள யாராச்சும் திரும்பிப் பாப்பாங்க" என்றாய். பெஞ்சு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாமே அந்த ஒரு ஒழுகலில் விளைந்தவை. வந்தவர்கள் எதைக் கேட்டாலும் நீ தலையை நிமிர்த்தி "இல்லை" என்பாய். ஊரில் உனக்கு 'இல்லை வாத்தியார்' என்றே பெயர் வைத்தார்கள். நீ அதற்கும் சிரித்தாய்.

நானும் அப்படியே செய்வதாகத்தான் இருந்தேன். ஆனால் பெற்றோர் சங்கத் தலைவர் முனிரத்தினத்தின் காதுக்குச் செய்தி போய்விட்டது. ஃபாக்டரி பென்ஷன்காரர், பிறந்து வளர்ந்தது சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டில். "இன்ஸ்பெக்‌ஷனா சார்?" என்று எழுந்து நின்றுவிட்டார்.

அந்தச் சொல் நம் ஊர் ஆட்களை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். சுரங்கக் கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரத் துரை லைன் வீடுகளைப் பார்க்க வருகிறார் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு ஏறும், கிழிசல் எல்லாம் மறையும். முதல் வீட்டில் அவர் பார்த்த அதே கட்டில், பின்வாசல் வழியாக அவருக்கு முன்பே அடுத்த வீட்டுக்குப் போய்விடும். துரையும் போய்விட்டார், கம்பெனியும் போய்விட்டது. கட்டில் மட்டும் நம் ரத்தத்தில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

"முனிரத்தினம், அவங்க ஓட்டையைப் பாக்கத்தான் வர்றாங்க" என்றேன்.

"இன்னா சார் பேசுறீங்க? வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஓட்டையக் காட்டுவாங்களா? மானம் போயிடாது? நீங்க சும்மா இருங்க, நாங்க பாத்துக்கிறோம்."

பார்த்துக்கொண்டார்கள். சனி ஞாயிறில் கூரை அடைபட்டது, சுவர் வெளுத்தது. பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் எல்லாரும் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுத் தங்கள் லேப்டாப்களைக் கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்துவிட்டார்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் அவரவர் ஆபீஸ் பெயர் இருந்தது. அது தெரியாமல் இருக்கச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார் முனிரத்தினம். ஆயுத பூஜைக்கு வைப்பது மாதிரியே.

காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது. அப்போதாவது நான் தடுத்திருக்கலாம். ஆனால் அறைக்குள் பிள்ளைகள் அந்தப் பெட்டிகளை முதல் முறையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படித் தடுப்பது, சொல்?

வந்த அம்மையார் நல்லவர். பொட்டைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்று கேட்டார். முனிரத்தினம் கண் இமைக்காமல், "டெய்லி பூஜை போட்டாத்தான் மேடம் எங்க இஸ்கூல்ல பாடமே" என்றார். அம்மையார் நெகிழ்ந்து போனார். பவித்ராவின் பக்கம் குனிந்து, "நீ டெய்லி இதுலதான் படிக்கிறியா?" என்றார்.

பவித்ரா முனிரத்தினத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வெளுத்த சுவரைப் பார்த்தாள்.

"ஆமா மேடம். டெய்லி."

"எங்கே, உன் பேரை அடி பாக்கலாம்."

அங்கேயே எல்லாம் அம்பலமாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. பள்ளிக்கு வெளியே பின்சுவரில் நீ பெயிண்டால் எழுதி வைத்த கீபோர்டு இருக்கிறதே, அதில் மூன்று வருடமாக விரல் வைத்துப் பழகியவள் அவள். எழுத்தைத் தேடாமல் தட்டிவிட்டாள். அண்ணா, நீ போன பிறகும் உன் பாடம் பலித்தது. அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

மதியம் சிக்கன் பிரியாணி. அம்மையார் வேண்டாம் என்று சொல்லியும் முனிரத்தினம் விடவில்லை.

பிறகு பதில் வந்தது. தொழில்நுட்ப வசதி திருப்திகரமாக இருக்கிறதாம். மாணவிகள் சரளமாகப் பயன்படுத்துகிறார்களாம். ஊர் மக்களின் ஆதரவு மற்றவர்களுக்கு முன்மாதிரியாம். ஆகவே, இந்த நிதியைத் தேவை மிகுந்த வேறொரு பள்ளிக்குக் கொடுக்கிறார்களாம். நம் பள்ளியை இவ்வளவு பாராட்டி இதுவரை யாரும் எழுதியதில்லை. இரண்டு முறை படித்தேன்.

தொலைபேசியில் அந்த அம்மையாரைப் பிடித்தேன். லேப்டாப் எல்லாம் இரவல் என்று சொன்னேன். "அப்படின்னா எங்களுக்குப் பொய்யா காட்டினீங்களா சார்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வருத்தமாகக் கேட்டார். ஆமாம் என்றால் நாங்கள் ஏமாற்றுக்காரர்கள், எந்த நாளும் நிதி இல்லை. இல்லை என்றால் வசதி உள்ளவர்கள், எங்களுக்கு எதற்கு நிதி? நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

முனிரத்தினம் கொஞ்ச நாள் என் கண்ணில் படவே இல்லை. ஒரு சாயங்காலம் பள்ளி வாசலில் வந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டிருந்தார்.

"சார், அந்த ஓட்டைய நானே திரும்பப் போட்டுத் தரட்டுமா?"

சிரிக்கலாம் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய பேத்தியும் ஏழாம் வகுப்பில்தான் படிக்கிறாள்.

போன வாரம் நல்ல மழை. வாளியை எடுத்துக்கொண்டு போய் எட்டாம் வகுப்பு அறையில் நின்றேன். ஒரு சொட்டு விழவில்லை. கொத்தனார் அத்தனை சுத்தமாக அடைத்திருக்கிறார். காய்ந்த தரையில் காலி வாளியோடு ஒரு தலைமையாசிரியர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதைப் பிள்ளைகள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்காக வேண்டிக்கொள்கிறோம் என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

மணி அடித்து எல்லாரும் போன பிறகு பவித்ரா மட்டும் நின்றாள்.

"சார், நான் அன்னிக்கு இல்லைன்னு சொல்லியிருக்கணுமா?"

உன்னிடம் இதற்குப் பதில் இருந்திருக்குமா, அண்ணா? நல்ல உடை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, வந்தவர்கள் முன்னால் நின்று, எங்களிடம் ஒன்றுமில்லை என்று அந்தப் பெண் சொல்லியிருக்க வேண்டுமா? உன் காலத்தில் எந்தப் பிள்ளையிடமும் அந்தக் கேள்வி போகவில்லை. ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நீ சொல்லி முடித்திருப்பாய்.

"இல்லம்மா. அது நான் சொல்லியிருக்க வேண்டியது" என்றேன். அவள் பையை மாட்டிக்கொண்டு போனாள். எப்ப சார் வரும் என்று கேட்கவில்லை. அவள் கேட்காமல் போன முதல் நாள் அது.

ஜூன் வர அதிக நாள் இல்லை. நாளை காலை ரயிலில் பங்காருபேட்டை போகிறேன், இன்னொரு இடத்துக்கு விண்ணப்பம் போட. கிடைக்கும் என்று உனக்கு வாக்குத் தர என்னால் முடியாது. ஒன்றுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன். இனி யார் வந்தாலும் கார் கதவு திறக்கும்போதே, பிள்ளைகள் காதில் விழாத தூரத்தில் வைத்து, அந்த "இல்லை"யை நானே சொல்லிவிடுவேன். தலையை நிமிர்த்திச் சொல்லத்தான் இன்னும் வரவில்லை. பழகிக்கொள்கிறேன்.

உன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கும்
தம்பி சம்பந்தம்