ஒரு கை மட்டும் கறுத்த கோட்

தங்கச்சிக்கு,

முப்பத்தெட்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

பேத்தி மியூசியத்தில் பழைய உடுப்புக் கண்காட்சிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள். ஏழு அறையையும் தனியாகத்தான் சுற்றினேன். நல்லது கெட்டது சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லாமல் எவ்வளவு அழகைத்தான் பார்ப்பது?

கடைசி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், நாம் வேலை பார்த்த தையல் கடையின் பச்சை வெல்வெட் கோட் நின்றது. இடது கைக்கான துணியை நீ தலைகீழாக வைத்து வெட்டிவிட்டாய். இழை எதிர்ப்பக்கம் படிந்து அந்தக் கை மட்டும் கறுத்துத் தெரிந்தது. வெட்டியது நான்தான் என்று முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பினார். செவ்வாய்க்கிழமை அது. நீ குனிந்த தலை நிமிராமல் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாய்.

பக்கத்தில் நின்ற பெண் அங்கிருந்த அட்டையைப் படித்துச் சொன்னாள்: "இதைத் தச்சவர் ஒரு கையை மட்டும் வேணும்னே இருட்டா வச்சிருக்காராம், பாட்டி. என்ன துணிச்சல் பாருங்க."

"துணிச்சலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. என் தங்கச்சி தூக்கக் கலக்கத்துல வெட்டினது."

அவள் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பங்குபோட உன்னைத் தவிர உலகத்தில் ஒருவரும் இல்லை.

மாதக் கடைசிவரை கோட் அங்கே இருக்கும். புதன்கிழமை பத்து மணிக்கு வாசலில் நிற்பேன். மன்னிப்பெல்லாம் கேட்காதே, கேட்டால் சண்டைதான் வரும். வந்து என் பக்கத்தில் நின்று பார், போதும்.

இன்னும் கோபமாகவே இருக்கிற
உன் அக்கா