செவ்வாய் நாவலும் மைதாப் பசையும்

12 ஜூன் 1967, திங்கள்
வெயில். தாம்பரம் வரை ரயிலில் நின்றபடி. எங்கள் தேவாலயச் சபை வாசகர் வட்டத்தின் செவ்வாய்க் கிரக நாவல் ஒருவழியாக என் கைக்கு. ஆண்கள் எல்லாரும் படித்த பிறகே பெண்கள் முறை. வழக்கமாம்.
விண்கப்பல் நிறைய ஆண்கள். ஒரே பெண், தளபதியின் மகள். காப்பி கொண்டுவருகிறாள், மயங்குகிறாள், மறுபடி காப்பி. எடையில்லாத இடத்தில் காப்பி கோப்பையில் எப்படி நிற்கும்? எழுதியவன் யோசிக்கவில்லை. ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. அதற்கும் கோபம்.
வாங்க: மண்ணெண்ணெய், சிவப்பு மை.

13, செவ்வாய்
கதையில் கப்பல் இறங்கியது. அதன் கதவு திறக்கும் கட்டத்தில் புத்தகத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. ஈரமோ என்று பார்த்தேன். மைதாப் பசை. ஓரம் முழுக்க, ஒழுங்காக.

14, புதன்
மேகம், மழை இல்லை. வட்டச் செயலர் ஆ. சார் வீட்டுக்கே போனேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மறைக்கவே இல்லை.
"நாந்தாம்மா ஒட்டினேன். அதுல ஒருத்தன் கடவுள் இல்லைங்கறான். லேடீஸ் மனசு கெடக் கூடாதில்ல?"
"ஜென்ட்ஸ் மனசு?"
"அவங்க விவரம் தெரிஞ்சவங்க."
"உங்க பையனுக்கு பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தது நான், சார்."
"நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தீங்க. காப்பி சாப்பிடுங்க. பிரிச்சிடாதீங்கம்மா, அப்புறம் வட்டத்துல பேரை எடுத்துடுவாங்க."
காப்பி தொடவில்லை. பேரை எடுத்தால் இந்தப் புத்தகங்களுக்கு இங்கே வேறு வழி இல்லை. அது அவருக்கும் தெரியும்.

15, வியாழன்
லீவு. தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன். இட்லிப் பானையில் தண்ணீர், தட்டில் துணி, மேலே புத்தகம். பாத்திரம் தேய்க்க வந்த கன்னியம்மா:
"இன்னாம்மா, புக்கை அவிச்சிகினு கீறே?"
"ஒட்டிக்கிச்சு."
"சட்னி அரைக்கட்டா?"
பிரிந்தது. ஒருவன் வானத்தைப் பார்த்து இங்கே யாரும் இல்லை என்கிறான். இன்னொருவன் ஜெபிக்கிறான். அவ்வளவுதான். இதற்கா மைதா.
ஒட்டியிருந்த எதிர்ப்பக்கத்தில் அந்தப் பெண். திரும்பும் பாதைக் கணக்கைத் தளபதி தப்பாகப் போட, அவள் திருத்துகிறாள். புத்தகம் முழுக்க அவள் கணக்குப் போடும் ஒரே இடம். ஆ. சார் அதை மறைக்க நினைத்திருக்கவே மாட்டார். கடவுளோடு சேர்ந்து போயிற்று. அவர் கண்ணில் படவே இல்லை.

16, வெள்ளி
பல்லாவரம் சந்தை. கத்தரிக்காய் சொத்தை. ரயிலில் நாவலை முடித்தேன். நல்ல முடிவு. எரிச்சல்.

17, சனி
தாள்கள் நெளிந்து புத்தகம் மூட மாட்டேன் என்கிறது. வரிசையில் எனக்கு அடுத்து பள்ளிக்கூட டீச்சர் கிரேஸ். நேரே அவள் வீட்டுக்கே கொண்டுபோனேன்.
"ஆ. சார் வழியாத்தானேக்கா வரணும்? உங்க பேரை எடுத்துடுவாங்களே."
எடுக்கட்டும். நெளிந்த தாளை முதலில் படி என்றேன்.