பார்லியும் நொதியமும்

786

கல்முனைக்குடி
14.03.1986

அன்பு மகன் அதாவுல்லாவுக்கு உம்மாவின் அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் உடம்பும் மனமும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடிதத்தைப் பாதி வாசித்துவிட்டுப் பதறாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. உன் கலியாணம் நின்றுபோகப் பார்த்தது மகன். இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், போன கிழமை என்றால் பேனையையே தொட்டிருக்க மாட்டேன்.

எல்லாம் உன் வாப்பாவின் வாயால் வந்த வினை. நீ ஒல்லாந்துக்குப் படிக்கப் போனதிலிருந்து அந்த மனிசனுக்குக் கால் நிலத்தில் இல்லை. போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய் அல்லவா, அங்கே புரொய்லர் கோழிக்குப் பார்லி கொடுக்கிறார்கள், அது குடலில் பசைபோல் கொழகொழத்து நிற்கிறது, தின்ற தீனியின் சத்து உடம்பில் சேராமல் எச்சத்தோடு போய்விடுகிறது, அந்தப் பசையை உடைக்க நொதியம் என்று ஒரு தூளைத் தீனியில் கலந்து பார்க்கிறோம் என்று. எனக்கு அது நன்றாக விளங்கியது, உளுந்து ஊறிய தண்ணீரைக் கையால் தொட்டவளுக்குக் கொழகொழப்பு விளங்காதா. வாப்பாவின் மனதில் இரண்டே சொல்தான் நின்றது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் சீனிமுகம்மது மாஸ்டரைக் கண்டு, என்ட மகன் ஒல்லாந்துல பார்லிக்கி நொதியம் போடுற பெரிய வேலையில இரிக்கான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார். கோழியைச் சொல்லவில்லை, கோழி என்றால் மதிப்புக் குறைவாம்! மாஸ்டர் யார் என்று உனக்குத் தெரியும், நீ கட்டப்போகிற ஸுல்பிகாவின் உம்மாவுக்குக் கூடப்பிறந்தவர், இங்கே கல்முனையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். பார்லியை நொதிக்க வைத்தால் பியர் வரும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மனிசன் வேறு என்னதான் நினைப்பார், அவரில் குற்றம் சொல்ல மாட்டேன்.

அன்று பின்னேரமே கதை பாலமுனையில் பெண் வீட்டுக்குப் போய்விட்டது. மருமகனாக வாறவர் சாராயக் கொம்பனியில வேலையாம் என்று. ஸுல்பிகாவின் வாப்பா மீராசாஹிபு மார்க்கத்தில் எவ்வளவு பேணுதலான மனிசர், கலியாணத்துக்கு மகளுக்குக் கொடுக்கவென்று கட்டிக்கொண்டிருந்த வீட்டின் சுவர் ஜன்னல் மட்டத்தில் நின்றது, மேசன்மாரை அனுப்பிவிட்டார் என்று அங்கிருந்து சந்தைக்கு வருகிறவர்கள் சொன்னார்கள். வீட்டு வேலை நின்றால் கலியாணம் நின்ற மாதிரித்தானே. உனக்குப் பொய் எழுத மாட்டேன், நானும் ஒருமுறை பயந்துவிட்டேன், ஊர் தேசம் தெரியாத இடம், பிள்ளை எதிலாவது மாட்டிக்கொண்டானோ என்று. வாப்பா விளக்கம் சொல்லப் போகிறேன் என்று பாலமுனைக்குப் போய், நொதியம் வேற நொதிக்கிற வேற என்று சத்தம் போட்டாராம். பேரே ஒண்டாயிரிக்கே காக்கா என்று மீராசாஹிபு கேட்டாராம். கடைசியில்தான் கோழி வெளியே வந்தது, அது கோழிக்குப் போடுற என்றாராம். அதோடு சங்கதி இன்னும் கெட்டது, கோழிக்குச் சாராயம் குடுத்து வளக்காங்களா, அந்தச் சம்பாத்தியம் எப்படி ஹலாலாகும் என்று மீராசாஹிபு எழும்பி உள்ளே போய்விட்டாராம். இனிமேல் வாப்பாவின் பெயருக்கு எழுதும்போது கோழி என்பதைப் பெரிய எழுத்தில் எழுது.

நேற்று அல்ஹம்துலில்லாஹ், மீராசாஹிபு ஒரு குலை வாழைப்பழத்தோடு தானே எங்கள் வாசலுக்கு வந்தார், மாஸ்டரும் பின்னால் வந்தார். மீராசாஹிபின் முகத்தில் வெட்கமும் சிரிப்பும். நடந்ததை அவர் வாயாலேயே கேட்டோம். வாப்பா சண்டை பிடித்துவிட்டு வந்த அன்று பகல் சோற்றுக்கு அவர் உட்கார, ஸுல்பிகா வெறும் சோற்றை மட்டும் வைத்தாளாம். கறி ஊத்தாம, விழுங்காம நல்லா மெண்டு பாருங்க வாப்பா என்றாளாம். இவரும் மென்றிருக்கிறார், மெல்ல மெல்லச் சோறு இனித்ததாம். இந்த இனிப்பு எங்கால வந்த வாப்பா, நம்மட எச்சில்லயும் நொதியம் இரிக்கி, அதுதான் சோத்து மாவச் சீனியாக்குது, அல்லாஹ் நம்மட வாய்க்குள்ள வெச்சது ஹறாமா? கோழிட குடல்ல பார்லிப் பசைய உடைக்கிற நொதியம் இல்ல, அதால தீனியில கலந்து குடுக்காங்க, அங்க ஒருத்தரும் சாராயம் காய்ச்சல்ல என்று சொன்னாளாம். உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளை அல்லவா, வாப்பா கோபத்தில் அங்கே விட்டுவிட்டு வந்த உன் கடிதத்தையும் வாசித்திருக்கிறாள். மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, ஓம் மச்சான், நான்தான் அவசரப்பட்டிட்டன் என்று தலையைச் சொறிந்தாராம். மீராசாஹிபு இப்போது ஒவ்வொரு பிடி சோற்றையும் மென்றுகொண்டே இருக்கிறாராம், சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவ முடியவில்லை என்று பெண்சாதி ஏசுகிறாவாம். மேசன்மார் திரும்ப வந்துவிட்டார்கள், ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு ஒரு நாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு நான் குசினிக்குள் போய் நன்றாக அழுதேன், பாரம் இறங்கிய அழுகை. யோசித்துப் பார் மகன், பெற்ற வாப்பா சத்தம் போட்டார், பெற்ற நான் பயந்தேன். உன்னை ஒரே ஒரு தரம், அதுவும் திரைக்குப் பின்னால் நின்று பார்த்த பிள்ளை, கலியாணக் கதையில் வாப்பாவுக்கு முன்னால் வாய் திறக்காத வழக்கத்தில் வளர்ந்தவள், உனக்காகத் தலை நிமிர்ந்து கதைத்திருக்கிறாள். உனக்கு எதுக்கு மகள் இவ்வளவு நம்பிக்கை என்று மீராசாஹிபு கேட்டதற்கு, செய்யுற வேலைய ஒளிக்காம உம்மாக்கு எழுதுறவர் கெட்டவரா இரிக்க மாட்டார் வாப்பா என்றாளாம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், சாப்பாட்டில் ஹலால் பார்த்துச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பறக்கத்தும் தந்து சுகமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக. மகனே, இது மட்டும் மறக்க வேண்டாம், உன்னைப் பற்றி ஒரு பெண் தன் வாப்பாவிடம் ஒரு சொல் சொல்லி வைத்திருக்கிறாள், அந்தச் சொல்லுக்கு ஏற்ற மனிசனாக வந்து சேர்.

என்றும் உனக்காகத் துஆச் செய்யும் உம்மா,
ப. மு. ஸகியா